கிரேன் இருக்கையில் யார், எத்தனை மணி நேரம்?

துறைமுகப் பயிற்சித் திட்டங்களின் அறிக்கைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண் முதலில் வரும். அடுத்து, எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பது. அவர்களில் பெண்கள் எத்தனை பேர், தினக்கூலியாக இருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தும் போட்டிருப்பார்கள். ஆனால் இன்னோர் எண் பெரும்பாலும் இருக்காது. சான்றிதழ் வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்த ஆறு மாதத்தில் இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்து உண்மையான சரக்கைத் தூக்கியது எத்தனை மணி நேரம்? சமவாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

கன்டெய்னர் முனையத்தில் சம்பளம் ஏறும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். அடிப்படியில் லாஷிங் (கப்பலில் பெட்டிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது), சிக்னல், டாலி (பெட்டி எண்களைக் குறிப்பது) வேலைகள். அதற்கு மேல், பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டுக்கு அவற்றை இழுத்துப்போகும் யார்டு ட்ராக்டர். பிறகு, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர், யார்டு கிரேன். உச்சியில், கப்பலிலிருந்து இறக்கும் கரை கிரேன். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியில் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஆகவே மணி நேரத்தைப் பங்கிடுகிறவரே பதவி உயர்வையும் பங்கிடுகிறார். அவர் யார்? அந்த ஷிப்டின் மேற்பார்வையாளர்.

அவர் பாரபட்சக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கப்பல் கட்டி நிற்கிறது. கைதேர்ந்தவர் உட்கார்ந்தால் ஒரு கரை கிரேன் மணிக்கு 25 முதல் 30 பெட்டிகளை நகர்த்தும். புதியவர் உட்கார்ந்தால் அதில் பாதி நடந்தாலே பெரிது. மேற்பார்வையாளரின் ஊக்கத்தொகை அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர், முன்பே பழக்கமானவர், இரவு ஷிப்டுக்கு மறுப்புச் சொல்லாதவர் ஆகியோரைத்தான் அவர் அழைப்பார். ஒரு வருடம் இப்படியே ஓடினால் ஒரே வகுப்பில் பயின்ற இருவரில் ஒருவருக்கு 600 மணி நேரமும் மற்றவருக்கு 40 மணி நேரமும் இருக்கும். 40 மணி நேரக்காரரிடம் பிறகு, "உங்களுக்கு அனுபவம் போதாது" என்பார்கள். அந்தப் பேச்சில் பொய் இல்லை, அதனால்தான் எதிர்த்து வாதாடவும் முடிவதில்லை.

துறைமுகத் தொழிலில் இது பழைய சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் காலையில் வாசலில் கூட்டம் கூடும்; மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் அன்றைக்கு வேலை. 1889இல் நடந்த லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இரண்டு: மணிக்கு 6 பென்ஸ் கூலி, ஒருவரை அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேர வேலை. 1934இல் அமெரிக்காவின் பசிபிக் கரைத் துறைமுகங்களில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஆள் எடுப்பது வாசலிலிருந்து பொது வேலைக்கூடத்துக்கு மாறியது. அங்கே காலப்போக்கில் ஒரு விதி நிலைத்தது: இதுவரை யாருடைய கணக்கில் மணி நேரம் குறைவோ, அவருக்கு முதல் அழைப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு 137ஆம் உடன்படிக்கையும், துறைமுகத் தொழிலாளர்களுக்குப் பதிவேடு வேண்டும், பதிவில் உள்ளவர்களுக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும் என்று சொல்கிறது. கூலி வேலைக்காகப் பிறந்த அந்த "குறைந்தவருக்கு முதலில்" விதியைப் பயிற்சி மணி நேரத்துக்கும் கொண்டுவந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

பதிவேட்டை எப்படி வைப்பது? ஒரு விரிதாள் போதும். பெயர், தேதி, ஷிப்ட், இயந்திரம், மணி நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, வேலையின் தன்மை, பக்கத்தில் இருந்த பயிற்றுநர். இவற்றில் "வேலையின் தன்மை" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காலிப் பெட்டி, சரக்குப் பெட்டி, மேல்தளம், ஹேட்சுக்குள் (கப்பலின் சரக்கு அறைக்குள்), இரவு, காற்று என்று பிரித்து எழுத வேண்டும். ஒருவருக்கு 200 மணி நேரம் இருக்கிறது, அத்தனையும் பகலில் காலிப் பெட்டி தூக்கியது என்றால், இரவில் ஹேட்சுக்குள் இறக்கும் வேலையில் அவர் இன்னும் கால் வைக்கவில்லை என்றுதான் பொருள்.

மணி நேரத்தை "கையில்", "பக்கத்தில்" என்று இரண்டாகப் பிரிப்பதும் கட்டாயம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததையும் பயிற்சி மணி நேரமாக எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதற்கும் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. தூக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊதியம் பெறும் மூத்த ஆபரேட்டர், கட்டுப்பாட்டைப் புதியவர் கையில் கொடுத்தால் தன் வருமானம் குறையும் என்று தயங்குகிறார். அவருக்குப் பயிற்றுநர் படித்தொகை கொடுங்கள். அந்த ஷிப்டுக்கு அவருடைய வழக்கமான சராசரி எண்ணிக்கையை அப்படியே கணக்கில் வையுங்கள். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் பாடத்திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

மேற்பார்வையாளருக்கும் இதே போன்ற ஏற்பாடு தேவை. எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு மணி நேரத்தைப் பயிற்சி நேரம் என்று முன்கூட்டியே ஒதுக்கி, அந்த நேரத்தின் எண்ணிக்கையை அவருடைய இலக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். எந்த ஒரு மணி நேரம் என்று அவரே முடிவு செய்யட்டும். சிறிய ஃபீடர் கப்பல், காலிப் பெட்டிகள், யார்டுக்குள் இடம் மாற்றும் வேலை ஆகியவை புதியவருக்கு ஏற்றவை. பெரிய கப்பல் அவசரமாகக் கிளம்ப வேண்டிய கடைசி மூன்று மணி நேரத்தில் அவரை உட்காரவைத்தால் எல்லோருக்கும் நெஞ்சு படபடப்புதான் மிஞ்சும்.

கரை கிரேனில் புதியவர் தடுமாறுவது பெரும்பாலும் ஊஞ்சலாட்டத்தில். 25 மீட்டர் கயிற்றில் தொங்கும் சுமை ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க ஏறக்குறைய 10 விநாடி ஆகும். ஆட்டத்தைக் கண்டு பதறி, கயிறு தொங்கும் நகரும் வண்டியான ட்ராலியை எதிர்ப்பக்கம் இழுத்தால் ஆட்டம் இன்னும் கூடும். சுமை முன்னே போகும்போது ட்ராலியும் அதன் பின்னாலேயே போய், அது எட்டும் கடைசிப் புள்ளியில் அதன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். அங்கே ஆட்டம் அடங்கிவிடும். கேட்க எளிது, கைக்கு வர நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டும். சிமுலேட்டர் இதற்கு அருமையான கருவி. தவறு செய்தால் எதுவும் உடையாது, யாரும் மேலே நின்று கத்த மாட்டார்கள். திடீர்க் காற்று, மின்தடை, பெட்டியின் ஒரு மூலை மட்டும் கழன்று மூன்று மூலை சிக்கிக்கொள்வது போன்ற அபூர்வமான நிலைமைகளையும் அதில் பழகலாம்.

சிமுலேட்டர் கற்றுத்தராதவையும் உண்டு. பெரிய கிரேன்களில் கேபின் தரையிலிருந்து 40 மீட்டருக்கு மேலே இருக்கும். காலடியில் கண்ணாடி, மணிக்கணக்காகக் கழுத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். உயர பயமா, கழுத்துவலியா என்பது அங்கே ஏறினால்தான் தெரியும். ஆகவே பயிற்சியின் முதல் வாரத்திலேயே எல்லோரையும் ஒருமுறை கேபினுக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் உட்காரவைத்துவிடுங்கள். மூன்று மாதம் படித்த பிறகு "எனக்கு இது ஒத்துவராது" என்று ஒருவர் விலகுவது அவருக்கும் இழப்பு, அந்த இடத்துக்குக் காத்திருந்தவருக்கும் இழப்பு. ஒத்துவராதவருக்கு யார்டு, ரீஃபர் (குளிர்பெட்டி), பராமரிப்பு என்று வேறு பாதைகள் அதே வாரத்திலேயே திறந்திருக்க வேண்டும்.

இனி, வாசலிலேயே ஆட்களை வடிகட்டிவிடும் தேர்வுகள். உடல் வலிமைத் தேர்வு என்று ஒரு மூட்டையைத் தனியாளாகத் தோளுக்குத் தூக்கச் சொல்வார்கள். முனையத்தில் இன்று அந்த வேலை எங்கே இருக்கிறது? இருக்கிற வேலையைத் தேர்வாக வையுங்கள். லாஷிங் வேலை என்றால் கம்பியைச் சுமந்து 20 மீட்டர் நடக்கச் சொல்லலாம், அதைப் பெட்டியின் மூலைத் துளையில் மாட்டச் சொல்லலாம், கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கச் சொல்லலாம். நீளமான லாஷிங் கம்பி 15 கிலோவைத் தாண்டும். அதை நிமிர்த்துவது தோள்பலத்தைவிட நிற்கும் விதத்தையும் பிடிக்கும் இடத்தையும் பொறுத்தது. ஒரு கையை நடுவுக்கு மேலும் மற்றதை நடுவுக்குக் கீழும் வைத்து, கம்பியை உடலோடு ஒட்டி நிமிர்த்த வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு பலசாலிக்கும் இரண்டு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். முதல் நாள் இதைச் செய்ய முடியாதவர்கள் பத்து நாள் பழகியதும் ஒழுங்காகச் செய்வார்கள். எனவே வலிமைத் தேர்வைப் பழக்கத்துக்கு முன் வைப்பது முறையல்ல.

லாஷிங்கை அவிழ்க்கும்போது வரும் விபத்தின் ஒரு வடிவம் இது. டர்ன்பக்கிளைத் தளர்த்தியதும் கம்பியின் கீழ்முனை விடுபடுகிறது. மேல்முனை துளையில் அரைகுறையாக மாட்டியிருக்கிறது. யார் கையும் கம்பியில் இல்லை. அது சரிந்தால் கீழே நிற்பவர் தலையில்தான் விழும். எனவே ஒருவர் கம்பியைப் பிடித்த பிறகே மற்றவர் கொக்கியை விடுவிக்க வேண்டும். கிரேன் தூக்கிக்கொண்டிருக்கும் வரிசையிலும் அதையொட்டிய வரிசையிலும் லாஷிங் ஆட்கள் இருக்கவே கூடாது. இரண்டு அடுக்குப் பெட்டிகளைத் தரையில் வைத்து, பாதுகாப்புக் கம்பியோடு ஒரு பயிற்சி மேடை கட்டினால் இவை எல்லாவற்றையும் கப்பல் இல்லாமலே கற்றுக்கொடுக்கலாம். பழைய பெட்டிகள் போதும்.

எழுத்துத் தேர்வும் பலரைக் காரணமில்லாமல் வெளியே தள்ளுகிறது. இருபது வருடம் சரக்கு ஏற்றி இறக்கியவருக்குப் பத்தி பத்தியாக எழுத வராமல் இருக்கலாம். வாய்மொழித் தேர்வும் செய்துகாட்டும் தேர்வும் வைத்தால் அவருடைய அறிவு வெளியே வரும். ஆனால் எண்ணும் எழுத்தும் அறவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். அபாயச் சரக்கின் ஒன்பது வகைகளுக்கான ஒட்டுப்படங்களை அடையாளம் காண வேண்டும். கதவில் எழுதியிருக்கும் உச்ச எடையைப் படிக்க வேண்டும்; பல பெட்டிகளில் அது 30,480 கிலோ. பெட்டி எண்ணைத் தவறில்லாமல் குறிக்க வேண்டும்.

பெட்டி எண்ணை வைத்தே கணக்கையும் கற்றுக்கொடுக்கலாம் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்த எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஆங்கில எழுத்துகளுக்கு 10இலிருந்து 38 வரை மதிப்பு. 11, 22, 33 ஆகிய மூன்றையும் விட்டுவிடுவார்கள். முதல் இடத்து மதிப்பை 1ஆலும் அடுத்தடுத்தவற்றை 2, 4, 8 என இரட்டித்துப் போகும் எண்களாலும் பெருக்கி, கிடைக்கும் பத்து பெருக்குத்தொகைகளையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். சிஎஸ்கியூயூ (CSQU) 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185. 11ஆல் வகுத்தால் மீதி 3. பெட்டியில் கடைசியாக 3 இருந்தால் குறித்தது சரி. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் ஒரு மதிய நேரத்தில் இதைக் கற்றுக்கொள்வார். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பெட்டி யார்டில் தொலைந்துபோகும் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

பாதுகாப்பு உடைகள் விஷயத்தில் அலட்சியம் மிக அதிகம். பெரிய அளவுக் கையுறை ஒன்றையே எல்லோருக்கும் கொடுப்பார்கள். சிறிய கைக்கு அது பொருந்தாது. பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டும் ட்விஸ்ட்லாக்கைச் சுழற்றும்போது துணி சிக்கி விரலையும் இழுத்துக்கொள்ளும். உயரத்திலிருந்து விழாமல் காக்கும் முழுவுடல் பட்டையான ஹார்னஸ் அளவு தவறினால், கீழே விழும் கணத்தில் பட்டை தொடையை விட்டு நழுவி, காக்க வேண்டியதே காயப்படுத்தும். உயரம் குறைந்தவருக்கு ட்ராக்டரின் பெடல் எட்டாமல் போனால் "ஓட்டத் தெரியவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இருக்கை எவ்வளவு நகரும், எவ்வளவு உயரும் என்று இயந்திரம் வாங்கும்போதே கேட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் பிறகு இந்தப் பேச்சே எழாது. கழிப்பறையும் அப்படித்தான். கப்பல் வந்து நிற்கும் கரைத்தளம் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீளலாம்; இந்த முனையில் வேலை, அந்த முனையில் கழிப்பறை என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொதிக்கும் தளத்தில் அது நேரடியான உடல்நலக் கேடு.

பணத்துக்கு வருவோம். இலவசப் பயிற்சி என்கிறார்கள். அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு 12 வார இலவசப் பயிற்சியின் விலை 12 வாரக் கூலி. அதை ஈடுகட்டும் உதவித்தொகை வேண்டும், அதுவும் வாரா வாரம். மூன்று மாதம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்றால் நான்காவது வாரத்திலேயே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்; பிறகு அதற்கு "ஆர்வமின்மை" என்று பெயர் வைப்பார்கள். அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஷிப்ட் தொடங்குவதால், வாசலில் இறக்கிவிடும் பேருந்து மட்டும் போதாது. வாசலிலிருந்து தளம் வரை கொண்டுபோகும் வண்டியும் தேவை. குழந்தைப் பராமரிப்பு பகலில் மட்டும் என்றால் இரவு ஷிப்டின் மணி நேரங்கள் தாய்மாருக்குக் கிடைக்காது. பதிவேட்டில் "இரவு" என்ற கட்டம் காலியாக இருப்பதன் காரணம் பல நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

நுழைவு அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. தடைசெய்த பகுதிக்குள் போக ஆளைச் சரிபார்த்த அடையாள அட்டை வேண்டும். ஆவணக் குறையோ பழைய வழக்கோ காரணமாக அட்டை மறுக்கப்படலாம். இதைப் பயிற்சி முடிந்த பிறகு கண்டுபிடிப்பது கொடுமை. விண்ணப்பத்தைச் சேர்க்கைக்கு முன்பே போட வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு உதவ ஒருவரை நியமிக்க வேண்டும்.

எவ்வளவு அவசரமானாலும் மணி நேரம் குறைக்கக் கூடாத பாடம் ஒன்று உண்டு: மூடிய இடங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். மரத்தடி, மரத்துகள் உருண்டை, நிலக்கரி, இரும்புக் கழிவு ஆகிய சரக்குகள் ஹேட்சிலும் அதற்கு இறங்கும் ஏணிக் குழாயிலும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மணம், நிறம் எதுவும் இருக்காது. முதலில் இறங்கியவர் விழுவார். காப்பாற்ற ஓடும் இரண்டாமவரும் விழுவார். பூச்சிகளைக் கொல்லப் புகையூட்டிய கன்டெய்னரைத் திறக்கும்போது பாஸ்பீன், மெத்தில் புரோமைடு ஆகிய நச்சு வாயுக்களும் ஆளை வீழ்த்தும். அளந்து பார்க்காமல் இறங்காதே, தோழன் விழுந்தாலும் தனியாக இறங்காதே என்ற இரண்டையும் ஒத்திகை பார்த்துப் பார்த்து உடலில் ஏற்ற வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979ஆம் ஆண்டு 152ஆம் உடன்படிக்கை, ஆபத்துகளைப் பற்றிப் போதிய பயிற்சி பெறாதவரைத் துறைமுக வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. தூக்கும் இயந்திரத்தை இயக்க 18 வயதும் தகுதியும் அனுபவமும் வேண்டும், இல்லையென்றால் தக்க கண்காணிப்பில் பயில்பவராக இருக்க வேண்டும் என்கிறது. தற்காலிக ஆட்கள் ஒரு நாள் கூலிக்கு வந்தாலும் இது பொருந்தும். ஆனால் முதலில் பயிற்சியைத் தவறவிடுபவர்கள் அவர்கள்தான்.

ரீஃபர் வேலை கவனத்துக்கு வராத நல்ல பாதை. குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறிப்பது, செருகியைப் போடுவது, எடுப்பது என்று தொடங்கி, குளிரூட்டித் தொழில்நுட்பராக உயரலாம். அந்தச் செருகி நான்கு முனை, 32 ஆம்பியர், 400 வோல்ட் அளவிலான மூன்று கட்ட மின்சாரம். முதலில் பெட்டியின் சுவிட்சை அணைத்து, பிறகு சாக்கெட்டின் சுவிட்சை அணைத்து, அதன் பின்பே செருகியை உருவ வேண்டும். அவசரத்தில் ஓடும் நிலையிலேயே உருவினால் தீப்பொறி வளைந்து கையைச் சுட்டுவிடும்.

தானியங்கிமயம் இந்த ஏணியையே மாற்றிக்கொண்டிருக்கிறது. 1993இல் ராட்டர்டாமில் முதல் தானியங்கி முனையம் இயங்கத் தொடங்கியது. இன்று பல இடங்களில் கிரேனை அறைக்குள் திரைமுன் உட்கார்ந்து இயக்குகிறார்கள். 40 மீட்டர் ஏற வேண்டாம், தோள்பலம் வேண்டாம் என்றாகிவிட்டது. அப்படியிருந்தும் அந்த நாற்காலிக்கு, கரை கிரேனில் பல வருடம் ஓட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் பழைய பாகுபாடு அப்படியே புது அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். யார்டு கிரேன் மணி நேரத்தையும் சிமுலேட்டர் மதிப்பீட்டையும் தகுதியாக ஏற்பது நியாயம். கீழ்ப்படியில் டாலி வேலையைக் கேமராக்கள் எடுத்துக்கொள்கின்றன. கேமரா படிக்க முடியாத, அடிபட்ட, அழுக்கான எண்களைத் தீர்த்துவைக்க ஆள் தேவைப்படுகிறது. டாலி கிளார்க்குகளுக்கு அந்த வேலையை முதலில் கொடுக்க வேண்டும். பராமரிப்பில் ஹைட்ராலிக், சென்சார், பிஎல்சி (இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி), உயர் மின்னழுத்தம் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு. கப்பலுக்குக் கரையிலிருந்து 6.6 அல்லது 11 கிலோவோல்ட் மின்சாரம் கொடுக்கும் இடங்களில், மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப்போட்டு எச்சரிக்கை அட்டை தொங்கவிட்ட பிறகே கைவைக்கும் ஒழுங்கை முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு இருவர் வேண்டும். ஒருவர் வேறு ஷிப்டைச் சேர்ந்தவராக இருக்கட்டும். எந்த இடத்தில் தவறு நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "இன்னும் தயாரில்லை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் திருத்திக்கொள்ள முடியாது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதிவேட்டைக் "கையில்" என்ற கட்டத்தின்படி, குறைந்த மணி நேரம் மேலே வரும்படி வரிசைப்படுத்தி, ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த வாரப் பயிற்சி நேரங்கள் அந்த வரிசையில்தான் போக வேண்டும். வரிசையை மாற்றினால் மேற்பார்வையாளர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாம் மாத முடிவில் மணி நேரம் மிகக் குறைந்த கால்பகுதியினரின் சராசரி, மிக அதிகமுள்ள கால்பகுதியினரின் சராசரியில் பாதிக்கும் கீழே இருந்தால், அடுத்த அணியின் சேர்க்கையை நிறுத்திவைத்து, இருப்பவர்களுக்கு முதலில் இருக்கையைக் கொடுங்கள்.